மூலைவிட்டத்தின் மயக்கம்

பத்தாயிரம் ரூபாயைப் பழுப்பு உறை ஒன்றில் பத்திரமாக வைத்துக்கொண்டு, செய்தித்தாளோடு வந்து விழுந்த வர்ணத் துண்டுப் பிரசுரங்கள் இரண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் சொருகியவனாய், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் முற்பகலில், ரவுண்டானாவின் இரைச்சல் ஓயாமல் காதில் விழும் திருச்சி மன்னார்புரத்து எங்கள் வீட்டுக்கு என் தமக்கையின் மகன் வந்து சேர்ந்தான். அவன் வீட்டுக் கணினிப் பெட்டிக்கு யாதொரு குறையும் இல்லை. அதனோடு இணைந்திருந்த பத்தொன்பது அங்குல மானிட்டர் மட்டும் பதினைந்து ஆண்டுகள் உழைத்துக் களைத்து, முந்தின வாரம் கண்ணை மூடிவிட்டது. இரவில் அதன்முன் அமர்ந்து கடைக்காரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது அவன் தந்தையின் தொழில். பகலில் அதே திரையில் நிரல் எழுதிப் பழகுவது அவன் படிப்பு.

"மாமா, பத்தாயிரத்துக்குள்ள எது நல்ல மானிட்டர்? இருபத்தேழு இஞ்ச் ஒண்ணு ஆஃபர்ல வருது. எடுத்துடலாமா?" என்றான்.

"எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். முதல்ல அந்த அலமாரியில டேப் இருக்கு, எடுத்துட்டு வா" என்றேன்.

அன்று மாலை வரை நீண்ட அந்தச் சம்பாஷணையையே இந்த அத்தியாயமாக எழுதுகிறேன். பணம் தாராளமாக உள்ளவருக்கு இந்த ஆராய்ச்சியால் பெரிய பிரயோஜனம் இராது; அவர் எல்லாவற்றிலும் உயர்ந்ததை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அளவான பணத்தோடு கடைவாசல் மிதிப்பவரோ, அட்டைப்பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் பத்துப் பதினைந்து எண்களில் எவற்றை மனிதக் கண்ணால் உணர முடியும், எவற்றை உணரவே முடியாது என்று தெரிந்துகொண்டால்தான், உணர முடியாததற்குக் காசு கொடுக்காமல் தப்பலாம்.

நிலத்தைச் சதுர அடியிலும், பூவை முழத்திலும், பொன்னைச் சவரனிலும் அளந்து வாங்கும் நாம், திரையை மட்டும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை சாய்வாக ஓடும் மூலைவிட்டத்தால் அளந்து வாங்குகிறோம். ஆதியில் தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாய்கள் வட்டமான முகம் கொண்டிருந்தமையால் அவற்றின் விட்டத்தைச் சொல்லி விற்றார்கள். முகம் நாற்கோணமாக மாறிய பின்னும் அந்த வழக்கம் போகவில்லை. இதில் வெளிப்படையான பொய் எதுவும் இல்லை என்றாலும், மயக்கம் ஒன்று உண்டு. மூலைவிட்டம் ஒன்றாகவே இருந்தாலும், வடிவம் சதுரத்தை நெருங்க நெருங்கப் பரப்பு கூடும்; நீண்டு ஒடுங்க ஒடுங்கக் குறையும். இறந்துபோன பழைய மானிட்டர் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அமைந்தது. இக்காலத்தவை பதினாறுக்கு ஒன்பது. ஆகவே பத்தொன்பது அங்குலப் பழைய திரையின் உயரம் 30.1 சென்டிமீட்டராக இருக்க, 'இருபத்திரண்டு' என்று விற்கப்படும் புதிய திரையின் உண்மையான மூலைவிட்டம் 21.5 அங்குலமும், உயரம் 26.8 சென்டிமீட்டருமே. 'இருபத்துநான்கு' என்பது பெரும்பாலும் 23.8, அதன் உயரம் 29.6. பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிச் சென்றவர், வீட்டில் வைத்ததும், பழையதைவிட இது குட்டையாக இருக்கிறதே என்று திகைப்பது இதனால்தான். சினிமா பார்ப்பவனுக்கு அகலம் இன்பம். ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகளைப் பார்த்துக்கொண்டு போகும் கணக்கனுக்கோ உயரமே முக்கியம்.

இத்துடன் விஷயம் முடியவில்லை. பழைய திரையில் மேலிருந்து கீழாக 1,024 புள்ளிகள், புதியதில் 1,080. கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையைக் குறைந்த உயரத்தில் அடைப்பதால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துப்போகிறது. பழைய மானிட்டரில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் 0.294 மில்லிமீட்டர்; 21.5 அங்குலத்தில் அது 0.248. அதாவது, அமைப்பு எதையும் மாற்றாமல் திரையை மட்டும் மாற்றினால் கணக்கு மென்பொருளின் எழுத்துகள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். ஐம்பதைக் கடந்து வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கும் அவன் தந்தைக்கு, புதுத் திரை வந்த அன்றே கண் மங்கிவிட்டதோ என்ற கவலை பிறந்திருக்கும். 23.8 அங்குலத்தில் இடைத்தூரம் 0.274, சுருக்கம் நூற்றுக்கு ஏழுதான், அது பெரும்பாலும் தெரியாது.

"அப்ப இருபத்தேழு இன்னும் நல்லதுதானே, மாமா? எழுத்து பெருசாத் தெரியுமே?" என்று பையன் மடக்கினான். நியாயமான கேள்விதான், இதற்குப் பதில் சொல்ல நான் அவனை மனத்தளவில் மலைக்கோட்டையின் உச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால், தென்னந்தோப்புகளின் தலைக்குமேல் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் எழுந்து நிற்பதைக் காணலாம். 1987-ல் பூர்த்தியான அந்தப் பதின்மூன்று நிலைக் கோபுரத்தின் உயரம் 236 அடி. அதன் நிலைகளைக் கண் எண்ணிவிடுகிறது. ஆனால் நிலைதோறும் நிற்கும் சுதைச் சிற்பங்களின் கையும் முகமும் தெரிவதில்லை. இதற்குக் கண்ணின் குற்றம் காரணமன்று. நல்ல கண் என்று சாஸ்திரம் சொல்வது, ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறாகிய ஒரு கலையளவு கோணத்தில் பிரிந்து நிற்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாக அறியும் கண்ணையே. சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இந்தக் கோணம் ஏறக்குறைய இரண்டு முழமாக விரிகிறது. இரண்டு முழத்துக்கும் குறைவான வேலைப்பாடு எதுவாயினும் அங்கிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றோடொன்று கலந்து வர்ணப் பூச்சாகிவிடும். 1862-ல் டச்சுக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்து, இன்று நம் ஜோசப் கண் ஆஸ்பத்திரி முதல் உலகமெங்கும் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையும் இதே கணக்கின்மேல் நிற்பதுதான்: 'ஆறுக்கு ஆறு' என்னும் வரியில் ஒவ்வொரு எழுத்தின் கோட்டுப் பருமனும், ஆறு மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குச் சரியாக ஒரு கலை.

கோபுரத்திலிருந்து மேசைக்கு வருவோம். நம் வீடுகளின் எழுதுமேசை இரண்டடி ஆழம். திரைக்கும் கண்ணுக்கும் இடைவெளி அறுபது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒரு கலை என்பது 0.17 மில்லிமீட்டர். 1,920-க்கு 1,080 என்னும் அதே புள்ளிகளை இருபத்தேழு அங்குலத்துக்கு இழுத்துப் பரப்பும்போது இடைத்தூரம் 0.31 மில்லிமீட்டராகிறது, கண் பிரித்தறியக்கூடிய அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு. எழுத்து பெரிதாகிறது என்பது மெய். ஆனால் அதன் வளைவுகளில் படிக்கட்டு முளைக்கிறது, சுழிகளும் கொம்புகளும் நிறைந்த நம் தமிழ் எழுத்தில் ஆங்கிலத்தைவிட அது நன்றாகவே தெரிகிறது. உறையூர்ப் புடவையை நீளம் பார்த்தா வாங்குகிறார்கள்? இழையின் நெருக்கத்தைத் தடவிப் பார்த்தல்லவா விலை பேசுகிறார்கள்! புள்ளிகள் கண்ணிலிருந்து மறைய வேண்டுமானால் இருபத்தேழு அங்குலத் திரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் அப்பால் விலகி அமர வேண்டும். அவ்வளவு தூரம் விலகினால் எழுத்து பெரிதானதன் லாபம் போய்விடும். 2,560-க்கு 1,440 புள்ளிகள் உடைய இருபத்தேழு அங்குலத் திரையில் இடைத்தூரம் 0.233, அது மிக நேர்த்தியானது, ஆனால் பையனின் பழுப்பு உறைக்கு எட்டாதது. நம் கணினிகளின் எழுத்தளவுகள் அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற அனுமானத்தின்மேல் வகுக்கப்பட்டவை, 23.8 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 93 புள்ளி அமைகிறது. சாதாரண மேசைக்கும் சாதாரணப் பணத்துக்கும் இந்த அளவே பொருந்துவது என்பது என் அபிப்பிராயம். ஆஃபரில் வரும் இருபத்தேழை அன்றே தள்ளிவிட்டோம்.

இனித் திரையின் உள்ளே நுழைவோம். இந்தக் கதையின் ஒரு நுனி, மன்னார்புரத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவானைக்காவலில் கிடக்கிறது.

1888-ஆம் ஆண்டில், பிராகா நகரில் பணிபுரிந்த ரைனிட்சர் என்னும் ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர், கொலஸ்டிரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, அது 145.5 பாகையில் உருகிப் பாலைப் போல் கலங்கிய திரவமாகி, 178.5 பாகையில் மறுபடியும் ஒரு தடவை 'உருகி'த் தெளிந்த நீர் போலாவதைக் கண்டு வியப்படைந்தார். ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா? இடைநிலையில் கலங்கி நின்ற அந்தத் திரவம், ஓடுவதில் திரவமாகவும், ஒளியை நடத்துவதில் படிகமாகவும் இருந்தது. திரவப் படிகம் என்ற முரண்பட்ட பெயர் பின்னர் அதற்கு வாய்த்தது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, திருவானைக்காவலில் தம் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் சந்திரசேகர வெங்கட ராமன் பிறந்தார். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் அன்று யாதொரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய சகோதரி மகன் ஒருவரால் உண்டாயிற்று.

அதைச் சொல்லுமுன், ராமனின் சட்டைப்பையில் இருந்த ஒரு சிறு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1921-ல் இங்கிலாந்திலிருந்து 'நார்க்குண்டா' கப்பலில் திரும்பும் வழியில் கடலின் நீலத்தைக் கண்டு மயங்கிய அவர், வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே கடலின் நீலம் என்று பெரியோர் சொல்லியிருந்ததைச் சோதிக்க, நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்முன் பிடித்துத் திருகிப் பார்த்தார். நீர்ப்பரப்பிலிருந்து குறிப்பிட்ட சாய்வில் தெறித்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. பட்டகத்தை உரிய கோணத்தில் திருப்பினால் அந்த ஒளியை அது முற்றாகத் தடுத்துவிடும். தெறிப்பொளி அணைந்த பின்பும் கடல் நீலமாகவே, முன்னினும் ஆழ்ந்த நீலமாகவே நின்றது; ஆகவே அந்நிறம் நீருக்கே உரியது என்று நிச்சயித்தார். ஒளியை இவ்வாறு ஒரே தளத்தில் அதிரச் செய்வதைத் தளவிளைவு என்கிறோம். இன்று நாம் வாங்கப்போகும் மானிட்டரின் அடிப்படை வேலையும் இந்தத் திருகல்தான்.

திரைக்குப் பின்னால் வெள்ளை விளக்கு. அதன்முன் தளவிளைவுத் தகடு ஒன்று. கண்ணுக்கு அருகில் இன்னொன்று, முதலாவதற்குச் செங்குத்தாக. இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒளி வெளியே வராது, திரை இருட்டு. இடையில் சில மைக்ரான் தடிப்புள்ள திரவப் படிகப் படலத்தை வைத்து, அதன் மூலக்கூறுகளைச் சுருள் படிக்கட்டு போலக் கால் சுற்று முறுக்கி அடுக்கினால், ஒளியின் தளமும் அந்த முறுக்கோடு திரும்பி, இரண்டாவது தகட்டின் வழியே வெளியேறிவிடுகிறது. சிறிய மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்ந்து மீண்டும் இருட்டு. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வடிகட்டிகள். ஆகத் திரையில் இவ்வாறு திறந்து மூடும் கதவுகள் அறுபத்திரண்டு லட்சத்துக்கும் மேல். தகடுகளும் வடிகட்டிகளும் ஒளியைத் தின்றது போக வெளியே வருவது, விளக்கு தந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

1971-ல் பாசல் நகரத்து ஷாட், ஹெல்ஃப்ரிஷ் இருவரும் பிரசித்தப்படுத்திய இந்த முறுக்கு முறைதான் கடைக்காரர் 'டி.என்.' என்று சொல்வது. மலிவானது, வேகமானது, ஒரே குறை, நேருக்கு நேர் பார்த்தால்தான் நிறம் ஒழுங்காக இருக்கும், சற்றுச் சாய்ந்தால் வெளுக்கும், கீழிருந்து பார்த்தால் தலைகீழாகவே மாறும். இங்கேதான் திருவானைக்காவலின் சம்பந்தம் வருகிறது. ராமனின் சகோதரி மகனும், பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிக ஆய்வை வளர்த்தவருமான எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, 1977-ல், அதுவரை அறியப்பட்ட கோல் வடிவ மூலக்கூறுகளுக்குப் பதிலாக, வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் நாணயங்களை அடுக்கியது போலத் தூண் தூணாக நின்று திரவப் படிகமாகும் என்று கண்டு, 'பிரமாணா' என்னும் இந்திய ஆய்விதழில் வெளியிட்டார். (நோபல் பரிசு பெற்ற வானியல் சந்திரசேகர் வேறு, அவரும் ராமனின் உறவினரே, ஒரே குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு விஞ்ஞானிகள் இருந்தால் வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்!) 1990-களின் நடுப்பகுதியில் ஜப்பானிய ஃபியூஜி நிறுவனம், தட்டு வடிவத் திரவப் படிகத்தைப் பூசிய மெல்லிய ஏடு ஒன்றைச் செய்து டி.என். திரைகளின்மேல் ஒட்டியது, சாய்ந்து பார்த்தால் வெளுக்கும் குறை பெருமளவு குறைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வங்கியிலும் ரயில்வே முன்பதிவு நிலையத்திலும் நாம் பார்த்த தட்டைத் திரைகள் பலவற்றில் அந்த வகை ஏடு இருந்தது.

இப்போது அந்த ஏட்டுக்கும் வேலை குறைந்துவிட்டது. 1996-ல் ஹிட்டாச்சி நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்த 'ஐ.பி.எஸ்.' முறையில் மூலக்கூறுகள் எழுந்து நிற்பதே இல்லை. படுத்தபடியே, கதவு கீலில் திரும்புவதுபோல் ஒரே தளத்தில் திரும்புகின்றன. ஆகையால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரும்பாலும் மாறாது. 'வி.ஏ.' என்னும் மூன்றாவது முறையில் அவை செங்குத்தாக நின்று சாய்கின்றன. அதன் கறுப்பு மற்ற இரண்டைக் காட்டிலும் ஆழமானது. பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே இன்று ஐ.பி.எஸ். தாராளமாகக் கிடைப்பதால் டி.என்.-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். எஞ்சுவது ஐ.பி.எஸ்.-ஆ, வி.ஏ.-ஆ என்ற கேள்வி.

துண்டுப் பிரசுரத்தில் ஒன்றுக்கு 1,000:1 என்றும், மற்றதற்கு 3,000:1 என்றும் ஒளி வேற்றுமை போட்டிருந்தது. மும்மடங்கு வித்தியாசமென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் இந்த எண்கள் இருட்டறையில் அளந்தவை. நம் வீடோ திருச்சியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெளியே நண்பகலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். சன்னலுக்கு அருகிலுள்ள மேசையில் ஆயிரம் லக்ஸ் விழுவது சாதாரணம். அந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரே பங்கைத் திரை சிதறடித்துத் திருப்பி அனுப்பினாலும், கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மூன்று நிட்டுக்குச் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) சற்று மேலான சாம்பல் ஒளி படர்கிறது. இரண்டு திரைகளின் வெண்மையும் 250 நிட் என்று கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: ஐ.பி.எஸ்.-இன் ஆயிரம் 74 ஆகிவிடும், வி.ஏ.-இன் மூவாயிரம் 77 ஆகிவிடும். மும்மடங்கு என்று விலை பேசிய பெருமை, சன்னலைத் திறந்ததும் எழுபத்துநான்குக்கும் எழுபத்தேழுக்கும் உள்ள பேதமாய்க் கரைந்துபோகிறது! இரவில் விளக்கணைத்துத் திரைப்படம் பார்ப்பவர் வி.ஏ. வாங்கட்டும், அவருக்கு அது நல்ல பொருள். பகலில் கணக்கும் நிரலும் எழுதுகிறவருக்கு, தந்தையும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பார்க்கும் வீட்டுக்கு, ஐ.பி.எஸ். போதும்.

பிரகாசத்தைப் பற்றியும் இதே தராசில் நிறுக்கலாம். முந்நூறு லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் ஒரு வெள்ளைத் தாள் சுமார் 76 நிட் ஒளிர்கிறது. சன்னலோரத்து ஆயிரம் லக்ஸில் 255. திரையின் வெண்மை பக்கத்திலுள்ள தாளின் வெண்மையை ஒத்திருந்தால் கண் களைப்பதில்லை. எனவே 250 நிட் என்பது நம் வீட்டுக்குள் எந்த வேளைக்கும் போதுமானது. இரவில் அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்து, பகலுக்கு வைத்த வெளிச்சத்தையே நள்ளிரவிலும் வைத்துக்கொண்டு கண் எரிகிறது என்கிறார்கள். திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும் என்று பயமுறுத்தித் தனிக் கண்ணாடி விற்பதும் நடக்கிறது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் வானம் சில ஆயிரம் நிட் ஒளிர்வது. அதன்முன் இந்தத் திரை எம்மாத்திரம்? நிமிடத்துக்குப் பதினைந்து தடவை இமைக்க வேண்டிய கண், திரையை உற்று நோக்கும்போது இமைக்க மறந்து உலர்ந்துபோவதே எரிச்சலின் முதற்காரணம்.

மற்ற எண்களை விரைவாகக் கடந்துவிடலாம். பத்து லட்சத்துக்கு ஒன்று, கோடிக்கு ஒன்று என்றெல்லாம் போட்டிருக்கும் 'டைனமிக்' வேற்றுமை, விளக்கையே மங்கச் செய்து காட்டும் வித்தை. அதைப் படிக்கவே வேண்டாம். புள்ளி நிறம் மாற 'ஒரு மில்லி செகண்ட்' என்பது எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் திருகி ஒரு கணம் எடுத்த அளவு. நொடிக்கு நூறு படம், அதாவது நூறு ஹெர்ட்ஸ், என்பது ஓரளவு மெய்யான நன்மை: அறுபதில் ஒரு படம் 16.7 மில்லி செகண்ட் நிற்க, நூறில் பத்து மில்லி செகண்டே நிற்பதால், பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது எழுத்து குழம்பாமல் ஓடும். ஆனால் பழைய கணினி அந்த வேகத்தில் அனுப்ப வல்லதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிறங்கள் '1 கோடியே 67 லட்சம்' என்றிருந்தால் ஒவ்வொரு வர்ணத்துக்கும் 256 படிகள். '1 கோடியே 62 லட்சம்' என்றிருந்தால் 64 படிகளை வைத்துக்கொண்டு இடைப்பட்டவற்றை மினுக்கிக் காட்டி நிரவுகிறார்கள் என்று பொருள். கணக்கு எழுத இரண்டும் ஒன்றே; படங்களைத் திருத்துபவர் மட்டும் முதலாவதைத் தேடட்டும்; 'எஸ்.ஆர்.ஜி.பி.' நிறப்பரப்பு நூற்றுக்கு எவ்வளவு என்றும் கேட்கட்டும்.

மின்சாரக் கவலை அவன் தாயாருடையது. இந்த அளவுத் திரை சுமார் இருபது வாட் எடுக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம், அறுபது நாள் ஓடினாலும் பத்து யூனிட்டை எட்டாது. இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச நூறு யூனிட்டில் அது ஒரு மூலை. கண்ணாடிக் குழாய்க் காலத்துப் பதினேழு அங்குல மானிட்டர் இதே வேலைக்கு முப்பத்தைந்து யூனிட் குடித்தது. மன்னார்புரம் துணைமின் நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று செய்தித்தாளில் போடும் நாள்களிலும், வீட்டு இன்வெர்ட்டர் இந்த இருபது வாட்டைச் சிரமமின்றித் தாங்கும்.

மறுநாள் கண்டோன்மெண்ட் பக்கம் போனோம். முதலில் நுழைந்த கடையில், பெட்டியைப் பிரித்துப் போட்டுக் காட்ட முடியாது, வாங்கிய பிறகு வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வந்த வழியே இறங்கிவிட்டோம். இரண்டாவது கடையில் இளைஞர் ஒருவர் மனமுவந்து மூன்று மானிட்டர்களை மேசைமேல் வைத்தார். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களைப் பையன் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தான். வெள்ளையில் கரும்புள்ளி தெரிந்தால் அது இறந்த புள்ளி. கறுப்பில் நிறப்புள்ளி தெரிந்தால் அது மூடாத கதவு. இரண்டொரு புள்ளி பழுதானால் மாற்றித் தர வேண்டியதில்லை என்று உத்தரவாதச் சீட்டின் பொடி எழுத்தில் போடுவது பல நிறுவனங்களின் வழக்கம் ஆகையால், இந்தச் சோதனையைப் பணம் கொடுக்குமுன் செய்துவிட வேண்டும். பிறகு பிரகாசத்தைக் கீழே இறக்கி, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டிப் பார்த்தோம். இரண்டில் பென்சிலின் நிழல் தொடர்ச்சியான புகைபோல் தெரிந்தது. மூன்றாவதில் அது விரல் விரலாகப் பிரிந்து, பத்துப் பென்சில் வரிசையாக நிற்பதுபோல் காட்டியது. விளக்கை மங்கச் செய்வதற்குப் பதிலாக, நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து ஏற்றிக் கண்ணை ஏமாற்றும் திரை அது. சிலருக்குத் தலைவலி தருவது, அதை ஒதுக்கினோம். கடை இளைஞரும் பென்சிலை வாங்கி இன்னும் நாலைந்து திரைகளுக்கு முன்னால் ஆட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் தேறியது 23.8 அங்குல ஐ.பி.எஸ். திரை, பின்புறம் ஹெச்.டி.எம்.ஐ. துளையோடு, பழைய கணினிக்கு உதவும் வி.ஜி.ஏ. துளையும் உண்டு, வேண்டுமானால் பிறகு சுவரில் மாட்ட நூறு மில்லிமீட்டர்ச் சதுரத்தில் நான்கு திருகுத் துளைகளும் உண்டு. விலை உறைக்குள் அடங்கிற்று. முப்பத்திரண்டு அங்குலம் வரையிலான மானிட்டருக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டு. பத்தாயிரம் கொடுத்தால் அதில் ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து ரூபாய் வரியென்று கணக்கன் மகன் வழியிலேயே போட்டுப் பார்த்துவிட்டான். தாங்கி குட்டையாக இருந்தது; திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும் என்பதால், வீட்டில் சும்மா கிடந்த மரப்பலகை ஒன்றை அடியில் கொடுத்தோம். மேற்குச் சன்னல் அமர்பவரின் முதுகுப்புறம் வரும்படி கிடந்த மேசையை, சன்னல் பக்கவாட்டில் வரும்படி திருப்பிப் போட்டோம். மாலை வெயில் திரையில் விழுவது நின்றது.

வாசகரும் இவ்விதம் ஒரு திரை வாங்கப் புறப்பட்டால், ஒரு டேப்பும் பென்சிலும் கையோடு கொண்டு போகவும். மேசையின் ஆழத்தை முன்னதாகவே அளந்து குறித்துக்கொள்ளவும். பெட்டியின்மேல் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று நோக்கவும். மானிட்டரின் வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்காமல் கடையைவிட்டு இறங்க வேண்டாம். என்னுடைய டேப்பைப் பையன் இன்னும் திருப்பித் தரவில்லை.